துண்டுக்குள் கை

காரிமங்கலம் கடைவீதியில் ஒரு மனிதனின் மானம் இருநூற்று நாற்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாலு முழம், பச்சைக் கரை. பேரம் பேசினால் இருநூற்றிருபதுக்கு வரும். தீர்த்தகிரி பேரம் பேசினான். இருபது ரூபாய் மிச்சம் பிடித்து ஜவுளிக்கடைப் படி இறங்கிய பிறகுதான், யாருக்காக இந்த வேட்டியை வாங்கினோம் என்பது உறைத்துக் காது மடல் சுட்டது. திரும்பிப் போய் இருபதைக் கொடுக்கவும் கூச்சம். ஏன் என்று கேட்பார்களே.

தீர்த்தகிரி பாத்திரக்கடைக்காரன், கடைவீதிப் பாதுகாப்புக் குழுவின் செயலாளர். சந்தை நாளில் பர்ஸும் செயினும் போவது வாடிக்கையானதும், கடைக்கு இரண்டாயிரம் வசூலித்து ஒன்பது கேமரா மாட்டினான். எட்டு தெருவில், ஒன்று அவன் கல்லாவுக்கு மேலே. ஒன்பதின் படமும் ஓடும் டிவி அவன் கடையில். அவனைத் தவிர இருநூற்றுப் பதினாலு பேர் இருந்த வாட்ஸ்அப் குழுவும் உண்டு. அவன் படம் போட்டால், பக்கத்தில் இருப்பவர்கள் ஓடிப்போய் ஆளை மடக்க வேண்டும்.

ஏற்பாடு நன்றாகத்தான் வேலை செய்தது. இரண்டு மாதமாக ஒரு திருட்டும் இல்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

"என்னா செயலாளரே, உங்க டிவியில நாயி, மாடு தவிர எதாச்சும் ஓடுதுங்களா?" மருந்துக்கடை டேவிட்ராஜ் தினமும் கேட்டான். "ரெண்டாயிரத்துக்கு நான் வூட்லயே கேபிள் பாத்திருப்பனே."

ஊருக்குத் திருடன் வேண்டாமாக இருந்தது. தீர்த்தகிரிக்கு ஒருவனாவது வேண்டியிருந்தது.

போன சந்தையன்று பதினோரு மணிக்கு, மாதவராஜ் என்ற ஆட்டுக்காரர் மடியில் வைத்திருந்த பதினெட்டாயிரத்தைக் காணோமென்று கத்திக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினார். தீர்த்தகிரி பதிவை ஓட்டினான். நாலாம் கேமராவில் மாதவராஜ் நிற்கிறார். அவர் இடுப்போரம் ஒரு துண்டு. துண்டுக்குள் ஆட்டுத் தரகர் பச்சியப்பனின் கை. தீர்த்தகிரி சிவப்பு வட்டம் போட்டு, 'திருடன், விடாதீங்க' என்று எழுதிக் குழுவில் போட்டான்.

சந்தையில் ஆட்டு விலையை வாயால் சொல்வதில்லை. சுற்றி நிற்பவனுக்குத் தெரியக்கூடாதென்று துண்டை மேலே போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். இது தீர்த்தகிரிக்குத் தெரியாததா? அவன் அப்பாவே ஆட்டு வியாபாரி. வாய்ப்பாடு வருமுன் அவனுக்கு விரல் கணக்கு வந்துவிட்டது. ஆனால் திருடனைத் தேடி உட்கார்ந்த கண்ணுக்கு, மேலேயிருந்து பார்த்தபோது, துண்டுக்குள் போன கை திருட்டுக் கையாகத்தான் தெரிந்தது.

இரண்டாவது தடவை மெதுவாக ஓட்டினான். மாதவராஜின் கையும் துண்டுக்குள்தான் இருந்தது. கட்டாது என்று அவர் தலையை ஆட்டுகிறார். விலை பேசுகிறார்கள்.

அழிக்கப் போன விரல் அப்படியே நின்றது. 'சூப்பர்ணா.' 'செயலாளர்னா இப்படி இருக்கணும்.' டேவிட்ராஜ்கூடக் கைதட்டல் போட்டிருந்தான். இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று தீர்த்தகிரி தனக்கே சொல்லிக்கொண்டான். பதினோரு நிமிடம் சொல்லிக்கொண்டான்.

அதற்குள் தருமபுரி பஸ்ஸில் ஏறப்போன பச்சியப்பனைக் குழுவினர் இழுத்து இறக்கினார்கள். அறைந்தார்கள். பணத்தைத் தேடுகிறோமென்று வேட்டியை உருவினார்கள், அது கிழிந்தது. ஐம்பத்தெட்டு வயது மனிதர், கோடு போட்ட டவுசரோடு, அதே துண்டை மடியில் போட்டு மறைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் குந்தியிருந்தார்.

பணம் மாதவராஜின் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்தது. 'திருடர்கள் ஜாக்கிரதை' என்று குழு வைத்த போர்டைப் பார்த்துப் பயந்து, அவரே மடியிலிருந்து எடுத்து அங்கே வைத்து மறந்திருந்தார்.

வேட்டிப் பையோடு தீர்த்தகிரி வாசலில் நின்றபோது, பச்சியப்பனின் மனைவி குள்ளம்மாள் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க மொதலாளி. வூட்ட நல்லா சுத்திப் பாத்துக்கங்க. குண்டா, சொம்பு எல்லாம் உங்க கடையில வாங்கனதுதான். பில்லு வேணும்னா தேடறன்."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா."

திண்ணையில் இருந்த பச்சியப்பன் பையை வாங்கி, வேட்டியின் கரையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "எவ்ளோங்க?"

"இருநூத்தி நாப்பதுண்ணா."

"இருநூத்தி இருவதுக்குக் குடுப்பானே."

தீர்த்தகிரி தரையைப் பார்த்தான். "தப்பாப் போச்சுண்ணா. தெரியாம..."

"தெரியாமயா? உங்கப்பன் கையப் புடிச்சு ஆயிரம் ஆடு வித்துக் குடுத்திருக்கறன். அவரு பையனுக்குத் துண்டு தெரியாதுங்களா?"

"தெரிஞ்சுதுண்ணா. ரெண்டாவது வாட்டி பாத்தப்பவே தெரிஞ்சுது. அழிச்சிருக்கலாம். அழிக்கல."

குள்ளம்மாளின் கை புளியில் நின்றது. பச்சியப்பன் வேட்டியை ஓரமாக வைத்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து வலது கைமேல் போட்டு நீட்டினார்.

"கையக் குடுங்க. எத்தன பேரு பாத்தாங்க?"

தீர்த்தகிரி கையை உள்ளே விட்டான். துண்டுக்குள் அவர் விரல் இரண்டைப் பிடித்தான். விட்டு, ஒன்று. விட்டு, நாலு.

"அத்தன பேரும் நீங்க இப்ப சொன்னதயும் பாக்கணும். அதுதான் வெல. கொறைக்க மாட்டன்."

"வேட்டிண்ணா?"

"வெச்சுட்டுப் போங்க. பழசு கிழிஞ்சிருச்சில்ல."

கடைக்கு வந்து ஒன்பதாம் கேமராவில் அந்தப் பதினோரு நிமிடப் பதிவை எடுத்தான். கல்லாவில் ஒருவன் போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். டிவியைப் பார்க்கிறான், போனைப் பார்த்துச் சிரிக்கிறான். நடுவில் டீ வருகிறது. ஊதி ஊதிக் குடிக்கிறான். டீ குடித்தது அவனுக்கு நினைவிலேயே இல்லை.

டீயை வெட்டாமல் முழுதாகக் குழுவில் போட்டான். 'இது நான். பச்சியப்பண்ணன் திருடவில்லை, விலைதான் பேசினார். அது தெரிந்தும் பதினோரு நிமிடம் சும்மா இருந்தேன்.'

கட்டைவிரல் படம், கைதட்டல் ஒன்றும் வரவில்லை. டேவிட்ராஜ் மட்டும் எழுதினான்: 'எதுக்குண்ணா இதெல்லாம்? அழிச்சிடுங்க, குழுவுக்குத்தான் கெட்ட பேரு.' தீர்த்தகிரி அழிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, இரண்டு பதிவையும் யார் யார் பார்த்தார்கள் என்று போனில் எண்ணி, வசூல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினான்.

திருடன் என்று பார்த்தவர்கள்: 214.
இல்லை என்று பார்த்தவர்கள்: 37.
பாக்கி: 177.
திருடன் படம் வெளிக் குழுக்களுக்குப் போனது: எண்ணிக்கை தெரியவில்லை.