டஸ்ட் மாதிரி அரைத்த தீனி

பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்கு வந்தால் என் முழங்கால் என் பேச்சைக் கேட்காது. ஆனாலும் உட்கார முடியுமா? முட்டைக்கோவா இலையும் மானாப் புல்லும் வெட்டி, உடைத்த சோளத்தோடும் தவிட்டோடும் கலந்து போட்டால்தான் குண்டம்மா வாயை மூடுவாள். குண்டம்மா எங்கள் பன்றி, அப்போது சினையாக இருந்தாள். இந்தத் தடவை அவள் போடுகிற குட்டிகளை வளர்த்து விற்றுவிட்டால் நான் கொழுந்து பறிக்க மலை ஏறுவதை நிறுத்திவிடலாம். எனக்கிருந்தது அந்த ஒரே ஆசைதான். அதிலும் மண் விழுந்தது.

மண்ணைப் போட்டவர் என் புருஷன் றோலண்ட். கெட்ட எண்ணத்தில் இல்லை, பாவம். அவருக்குத் தேயிலை பெக்டரியில் தூள் சலிக்கிற வேலை. ஒரு சாயங்காலம் ஒரு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு சிரித்தபடி வந்தார்.

"இனிமே நீ ஒண்ணும் வெட்ட வேணாம் பவுலின். சோளத்தையும் தவிட்டையும் மில்லுல குடுத்து டஸ்ட் தேயில மாதிரி நைசா அரைச்சிட்டேன். தண்ணியில கலக்கி ஊத்துனா போதும்."

"பன்னிக்கு மாவா? இது என்னங்க கூத்து?"

"தூள் நைசா இருந்தாத்தானே சாயம் சட்டுனு எறங்குது? தீனியும் அப்படித்தான். சத்து முழுசா ஒடம்புல ஒட்டும்."

எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னால், கத்தியைத் தொடாமல் படுக்கலாம் என்பதே பெரிய சந்தோஷம். குண்டம்மாவும் சப்புக்கொட்டிக் குடித்தாள். சில வாரங்கள் சொர்க்கமாகப் போயின.

பிறகு அவள் தொட்டிப் பக்கமே வரவில்லை. காது வெளிறிப்போனது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மூலையில் கிடந்தாள். சாணம் தார் போலக் கறுப்பாகப் போனது. உடனே வைத்தியருக்கு ஆள் அனுப்பினேன்.

மிருக வைத்தியர் வந்து ஊசி போட்டார். தொட்டியில் மிச்சமிருந்த மாவை விரலில் தேய்த்துப் பார்த்து, சிங்களத்தில் சத்தம் போட்டார். இவ்வளவு நைசான தீனி வயிற்றில் தண்ணீராக ஓடுமாம். உள்ளே ஊறுகிற அமிலம் மேலேறி இரைப்பையை அரித்துப் புண்ணாக்கிவிட்டதாம். கறுப்பாகப் போவது இரத்தம். பன்றிக்கு நார்ச்சத்து வேண்டும், அது மென்று தின்ன வேண்டும். புல்லும் இலையும் உடைத்த சோளமும் போடச் சொன்னார். தாய் பிழைத்தாலும் குட்டிகளுக்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

அவர் படி இறங்கியதும் நான் வெடித்தேன்.

"நாசமாப் போன டஸ்ட்டு! பன்னி வயிறு என்ன ஒங்க பெக்டரி தேத்தண்ணிக் கேத்தலா, சாயம் எறங்குறதுக்கு?"

றோலண்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீ ராவுல கால புடிச்சிக்கிட்டு மொனகுறத கேக்க முடியலடி. அதான்..." என்று இழுத்தார்.

அதற்குமேல் அந்த மனுஷனை என்னவென்று திட்டுவது?

குண்டம்மா பிழைத்துக்கொண்டாள். குட்டிகள் எல்லாம் செத்தே பிறந்தன. கொட்டிலுக்குப் பின்னால் றோலண்ட் குழி வெட்டினார். நான் பக்கத்தில் நின்றேன். மாதாவே, இனி எந்தக் காலத்தில் இந்த மலையை விடுவேன் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அழக்கூட அலுப்பாக இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் பெரட்டில் பேர் கொடுக்கக் கிளம்பும்போது கொட்டில் பக்கம் டக், டக் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். றோலண்ட் குந்தியிருந்து தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியால் கோவா இலை வெட்டிக்கொண்டிருந்தார். துண்டு ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். இதென்ன வெட்டு என்று வாய்வரை வந்துவிட்டது.

குண்டம்மா மெல்ல எழுந்து வந்து ஒரு துண்டைக் கவ்வினாள். மொறுக், மொறுக் என்று மென்றாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தத்தைக் கேட்டு!

றோலண்ட் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் பொடியா வெட்டணுமா?"

"வேணாங்க. பெரிசாவே இருக்கட்டும். மெல்லட்டும்" என்றேன்.

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மறுபடியும் மலை ஏறினேன்.