ஆறாவது ஆள்

வலது கை கோட்டுக்குள் போக மறுத்தது. மரியகொறற்றி தோளைப் பிடித்துக்கொள்ள, மகள் டயனா கோட்டின் கையை இழுத்துப் பார்த்தாள். அந்தோனிதாசுக்குக் கை நீளம். கடையில் வாங்கிய எந்தக் கோட்டும் அவருக்கு மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேதான் நிற்கும். இப்போது அந்தக் கை விறைத்துப்போய், யாருக்கும் வளைந்துகொடுக்க மாட்டேன் என்று கிடந்தது. உயிரோடு இருந்தபோதும் மனுஷன் அப்படித்தானே என்று நினைக்க, கொறற்றிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

இறுதிச் சடங்குகளை நடத்திக்கொடுக்கும் நிறுவனத்தின் எலேனா கத்தரிக்கோலை எடுத்தாள். கோட்டை முதுகுப் பக்கம் வெட்டிவிட்டால் சுலபம், முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது என்று ஜேர்மனில் மெதுவாகச் சொன்னாள்.

"வெட்ட வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை. அப்பான்ரை கலியாணக் கோட்டு."

கலியாணத்துக்குப் பிறகு அந்தக் கோட்டு அவருக்குக் கொள்ளவே இல்லை. வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து மெலிந்ததில்தான் திரும்ப அளவானது. கொறற்றி இரண்டு உள்ளங்கைகளையும் உரசிச் சூடாக்கி, அவருடைய தோள்மூட்டை அழுத்தித் தேய்க்கத் தொடங்கினாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில், ஆட்டம் முடிந்து வந்தவரின் அதே தோளை இதே மாதிரி தைலம் போட்டுத் தேய்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் அவர், "ஐயோ, மெல்ல, கொல்லப் போறியே!" என்று கத்துவார். இப்போது ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மூட்டு இளகிக் கை உள்ளே போனது.

எலேனா தலையசைத்துவிட்டு, அடுத்த நாள் பற்றிக் கேட்டாள். கல்லறைச் சிற்றாலயத்திலிருந்து குழி வரைக்கும் பெட்டியை வண்டியில் வைத்துத் தள்ளலாம், இங்கே வழக்கம் அதுதான். கையால் தூக்குவதென்றால் ஆறு பேர் வேண்டும். எது வசதி?

"ஆறு பேர் வருவினம்" என்றாள் கொறற்றி.

வெளியே வந்ததும் டயனா கேட்டாள். "அம்மா, ஆர் அந்த ஆறு பேர்?"

கொறற்றிக்கே தெரியாது.

ஒரு காலத்தில் அறுபது பேர் வந்திருப்பார்கள். சுவிஸில் கரப்பந்து பார்த்த தமிழர்களில் அந்தோனியின் அடியைப் பார்க்காதவர்கள் இல்லை. ஓல்டனில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்துகொண்டு, சனி ஞாயிறுகளில் ஐரோப்பா முழுக்கப் பறந்தவர். பாரிசுக்கும் லண்டனுக்கும் டென்மார்க்குக்கும் கழகங்கள் டிக்கெட் போட்டுக் கூப்பிடும். அவர் வலைக்கு மேலே எழும்பினால் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவர்கள் முகத்தைத்தான் மறைப்பார்கள், பந்தை அல்ல என்று பகிடி சொல்வார்கள். அவர் போகிற வாகனத்தில் ஒரு இடத்துக்குப் பெடியள் அடிபடுவார்கள்.

பெயரோடு பிரச்சினையும் கூடவே வந்தது. பாரிசில் நடுவர் ஏறி நின்ற மேசையை உதைத்தார். ஷ்லீரனில் தனக்குப் பந்து தூக்கித் தரவில்லை என்று பாதி ஆட்டத்தில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலேறிவிட்டார். காசுக்கு அடிக்கிறவன் என்று அவர் காதுபடவே சொன்னார்கள். அதையெல்லாம் சனம் மன்னித்தது, அடுத்த கிழமை அவர் எழும்பி அடிக்கும் ஒரு அடிக்காக.

மன்னிக்காதது ஒன்றைத்தான். பதினொரு வருடங்களுக்கு முன், ஓல்டன் செங்கதிர்க் கழகத்தின் தலைவர், அந்தோனியோடு அதே அணியில் ஆடிய கொறற்றியின் சொந்த அண்ணன் டெஸ்மன்ட், வயது போய்விட்டதென்று அந்தோனியை முதல் ஆறு பேரிலிருந்து எடுத்து மாற்று ஆட்டக்காரர்களின் வாங்கில் இருத்தினார். அந்த வருடக் கடைசி ஆட்டத்தில் செங்கதிருக்கு எதிரே எம்மன்புரூக்கே அணி இறங்கியது. அதில் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, தவச்செல்வன் என்ற இன்னொருவரின் பெயரில் அந்தோனி இறங்கினார். தொப்பி போட்டால் ஆளை மறைக்கலாம், அடியை எப்படி மறைக்கிறது? இரண்டாவது அடியிலேயே முழு மைதானத்துக்கும் விளங்கிவிட்டது. எம்மன்புரூக்கே வென்றது. ஒலிபெருக்கியில் சிறந்த ஆட்டக்காரர் தவச்செல்வன் என்று மூன்று தரம் கூப்பிட்டார்கள். தான்தான் தவச்செல்வன் என்பது அவருக்கு மறந்துபோய், மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டிக்கொண்டிருந்தார். ஒரு சின்னப் பிள்ளைதான் கத்தியது, "அந்தோனி மாமா, உங்களைத்தான்!"

விசாரணைக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அவர் எழும்பி நின்று, "நான் இந்த நாட்டுக்கே வேறை ஆளின்ரை பாஸ்போட்டிலை, அவன்ரை பேரிலைதானே வந்தனான். இஞ்சை இருக்கிற ஆர் சொந்தப் பேரிலை வந்தது, கையைத் தூக்குங்கோ பாப்பம்" என்றார். ஒரு கையும் எழும்பவில்லை. அந்த மண்டபத்தில் அன்றைக்கு அவர்கள் பட்ட வெட்கத்துக்குத்தான் வாழ்நாள் தடை விழுந்தது என்று கொறற்றி நினைப்பதுண்டு. அதன்பிறகு டெஸ்மன்ட் நத்தார்ப் பண்டிகைக்கும் அந்த வீட்டுப்படி ஏறவில்லை.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அவள் அண்ணனுக்குப் போன் எடுத்தாள்.

"சொல்லு பிள்ளை. ஏதும் சாப்பிட்டனியே?"

"சாப்பிட்டன் அண்ணை. நாளைக்கு இவரைத் தூக்க ஆறு பேர் வேணும்."

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது.

"நான் வருவன். மச்சான் எண்ட முறைக்கு வரத்தான் வேணும். ஆனா பெடியளை நான் கேக்கமாட்டன். தடை போட்டதும் நான், தூக்க வாங்கோ எண்டு கேக்கிறதும் நானோ?"

"கழகக் கொடி போர்க்கச் சொல்லி நான் கேக்கேல்லை. அஞ்சலி உரை கேக்கேல்லை. தூக்கத்தான் கேக்கிறன்."

"வண்டில் இருக்குத்தானே கொறற்றி. இஞ்சை எல்லாரும் அதிலைதானே போகினம்."

"அவர் வேண்டாமெண்டவர்." அவள் குரல் தடுமாறியது. "ஆஸ்பத்திரியிலை கடைசிக் கிழமை முழுக்க சில்லு வைச்ச கட்டிலிலைதான் தள்ளித் திரிஞ்சவை. 'கடைசியா ஒருக்காவெண்டாலும் என்னைத் தள்ளாமல் கொண்டுபோங்கோ, பெடியள் தூக்கட்டும்' எண்டவர். உங்கள் எல்லாருக்கும் ஐம்பது தாண்டியிட்டுது அண்ணை. அவருக்கு நீங்கள் இன்னும் பெடியள்."

டெஸ்மன்ட் தொலைக்காட்சியை முழுக்க நிறுத்தினார். பிறகு, "பாப்பம்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

எங்கள் ஆட்கள் பாப்பம் என்றால் பெரும்பாலும் இல்லை என்றுதான் அர்த்தம். கொறற்றி போனைப் பிடித்தபடி குசினியில் நின்றாள்.

"என்ரை வேலையிலை நாலு பேர் நல்ல உயரம், அம்மா. கேக்கட்டோ?" என்றாள் டயனா.

"அவைக்கு அப்பாவைத் தெரியாது" என்றாள் கொறற்றி.

மறுநாள் பூசையில் அவளுக்கு மனம் ஒன்றவில்லை. சுவாமி உயிர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். அவள் கதவுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் இருந்த மாதிரித் தெரியவில்லை. கல்லறைச் சிற்றாலயத்துக்குப் போனபோது வாசலிலேயே அந்த வண்டி நின்றது. ரப்பர் சில்லுகள், ஒரு பிரேக், பூமாலை கொழுவக் கொக்கிகள். எலேனா அருகில் வந்து மணிக்கூட்டைப் பார்த்தாள். அடுத்த குடும்பம் காத்திருக்கிறது, ஆட்கள் வந்துவிட்டார்களா என்று கேட்டாள்.

கொறற்றி பெட்டியைப் பார்த்தாள். என்னால் ஏலாமல் போய்விட்டது, கோபிக்காதேங்கோ என்று மனதுக்குள் சொன்னாள். இத்தனை வருடத்தில் இந்த மனுஷன் தன்னிடம் கேட்டது மிகக் கொஞ்சம். அதிலும் கடைசியாகக் கேட்டதைச் செய்ய முடியவில்லை. எலேனாவுக்குத் தலையாட்ட அவள் திரும்பியபோது, பின்னால் கதவு திறந்தது.

டெஸ்மன்ட் முன்னால் வந்தார். பின்னால் யோகராஜா, அந்தோனிக்குப் பந்து தூக்கிக் கொடுத்தே தேய்ந்த விரல்களோடு. அவருக்குப் பின்னால் பழைய அணியின் மற்ற மூன்று பேர். எல்லோருக்கும் நரை, இரண்டு பேருக்குத் தொப்பை. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே போய்ப் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். மைதானத்தில் நிற்பது போலவே, முன்வரிசைக்காரர்கள் ஒரு பக்கம், பின்வரிசைக்காரர்கள் மறுபக்கம். யோகராஜா நடுவில், டெஸ்மன்ட் பின்வரிசை ஓரத்தில். யார் எங்கே நிற்பதென்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கால்கள் தாமாகவே போன மாதிரி இருந்தது.

எலேனா எண்ணினாள். "ஐந்து பேர்தான். ஒருவர் குறைகிறார்" என்று ஜேர்மனில் சொன்னாள்.

டெஸ்மன்ட் நிமிர்ந்து பார்த்தார். ஒருதரம் எண்ணினார், திரும்பவும் எண்ணினார். அவர் முகம் மெல்லக் கறுத்தது. தங்கச்சி ஆறு பேர் கேட்டாள் என்று அவர் காலையில் அணியைக் கூட்டியிருக்கிறார். அணி என்றால் ஆறு பேர், அதை எண்ணிப் பார்க்க வேண்டுமென்று அவருக்கோ மற்ற நால்வருக்கோ தோன்றவில்லை. முன்வரிசை இடது மூலை வெறுமையாக இருந்தது. எத்தனை மைதானங்களின் ஓரத்தில் கதிரை போட்டிருந்து கொறற்றி பார்த்த மூலை அது. அங்கேயிருந்துதான் அந்தோனி எழும்புவார்.

"பின்னுக்கு ஆக்கள் நிக்கினம், ஒராளைக் கூப்பிடட்டோ?" என்று யோகராஜா மெதுவாகக் கேட்டார்.

டெஸ்மன்ட் வேண்டாமென்று தலையாட்டினார். அந்த இடத்தில் இன்னொருவனை நிறுத்திய பாடு அவருக்குத்தான் தெரியும். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. எலேனா வண்டியின் பிரேக்கை எடுக்கக் குனிந்தாள்.

கொறற்றி தன் கைப்பையை டயனாவிடம் கொடுத்தாள்.

"அம்மா, பாரம்" என்றாள் டயனா.

"தெரியும்."

அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த மூலையில் போய் நின்று பிடியைப் பற்றினாள். உயரத்தில் அவள் யோகராஜாவின் நெஞ்சளவுதான். டெஸ்மன்ட் "ம்" என்றதும் தூக்கினார்கள். தூக்கியதும் அவள் பக்கம் சரிந்தது, உள்ளே ஏதோ அசைந்தது. யாரோ, "இயேசுவே" என்றார்கள்.

"கீழை" என்றார் டெஸ்மன்ட். "எல்லாரும் கீழை வாங்கோ."

ஐந்து பேரும் முழங்காலை மடித்துப் பதிந்தார்கள். பெட்டி மட்டத்துக்கு வந்தது. நெடிய அந்த ஐந்து ஆண்களும் அப்படியே, நிமிராமல், அவளுடைய உயரத்துக்குக் குனிந்தபடி, வண்டியைத் தாண்டிச் சரளைக்கல் பாதையில் நடந்தார்கள்.