ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஹெட்போனும்

என் மகன் பரமலிங்கம் இத்தாலியிலிருந்து ஹோம் தியேட்டர் செட் அனுப்பியது 2007இல். அவனை வாய் நிறையத் திட்டினேன். காது கேளாத தகப்பனுக்கு எவனாவது ஐந்து ஸ்பீக்கர் அனுப்புவானா? அதுவும் போதாதென்று நிலத்தில் வைக்க ஒரு பெரிய பெட்டி, பாட்டுப் படிக்க ஒரு மைக், தலையில் மாட்ட ஒரு ஹெட்போன். உடப்பில் எங்கள் ஒழுங்கையில் அப்படியொரு செட் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. பெருமைதான். பெருமையைக் காய்ச்சிக் குடிக்கவா முடியும்?

என் மனுசன் தில்லையம்பலம் இருபது வருடம் படகு இஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கடலுக்குப் போனவர். அந்த இரைச்சல் செட் வருவதற்கு எட்டு வருடத்துக்கு முன்னே அவர் காதைத் தின்று முடித்துவிட்டது. சிலாபத்தில் ஒரு டொக்டர் காதில் செருகுகிற மெசின் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்தபடியே வலையை விடுவிக்கக் கடலில் குதித்தார், அதுவும் போச்சு. பிறகு அவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால்தான் ஏதாவது விளங்கும். அப்படிக் கத்தினால், அவருக்கு விளங்குமுன் கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற அவருடைய தங்கச்சி சின்னாச்சிக்கு விளங்கிவிடும்.

என் மகள் குணேஸ்வரி கத்தவே மாட்டாள். தகப்பனுக்கு முன்னால் குரலை உயர்த்தி அவளுக்குப் பழக்கமில்லை. சோற்றை வைத்துவிட்டு அவர் கையில் மெல்லத் தட்டுவாள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் தொண்டையால்தான் போகவேண்டும். "அம்மா, அப்பாட்டச் சொல்லுங்க" என்பாள். நான் போய்க் கத்துவேன்.

செட் வந்த அந்த மாதம் எனக்கு அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. சின்னாச்சியின் மகனுக்குக் குணாவைக் கொடுப்பதென்று அண்ணனும் தங்கச்சியும் எப்போதோ பேசி வைத்திருந்தார்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தட்டு மாற்ற நாளும் குறித்தாயிற்று. இவளோ மூன்று மாதத்துக்கு முன்னே சிலாபத்துக்குப் போய், சிவகுரு என்கிற பொடியனோடு கலியாணப் பதிவே எழுதிவிட்டாள். அவன் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்து இங்கே இறால் பண்ணையில் வேலை செய்கிறவன். எழுதி முடித்த பிறகுதான் அடுப்படியில் வந்து என் காலைப் பிடித்து அழுதாள். "அடி பாவி" என்று முதுகில் இரண்டு போட்டேன். பிறகு நானும் உட்கார்ந்து அழுதேன். தட்டு மாறிவிட்டால் என் மனுசன் கொடுத்த வாக்கை மாற்ற மாட்டார், செத்தாலும் மாட்டார். எழுதின பெண்ணை இன்னொருத்தனுக்குக் கட்டிக் கொடுக்கவும் முடியாது. வெள்ளிக்கு முன் இது அவர் காதில் விழவேண்டும்.

எப்படி விழுத்துவது? நாட்டில் சண்டை இறுகியிருந்த காலம். வன்னிப் பொடியன் என்று உரத்துச் சொன்னால் ஊர் மட்டுமா கேட்கும், கடற்படை முகாமும் காதை நீட்டும். எழுதிக் காட்டலாமென்றால் படகு நம்பரைத் தவிர அவருக்கு வாசிக்கத் தெரியாது. கடற்கரைக்குக் கூட்டிப்போனேன், அங்கே கரைவலை இழுக்க நாற்பது பேர் நின்றார்கள். கடைசியில் சைகையில் இறங்கினேன். குணாவைக் காட்டினேன், கழுத்தைச் சுற்றித் தாலி கட்டுகிற மாதிரிக் காட்டினேன், கையெழுத்துப் போடுகிற மாதிரியும் காட்டினேன்.

"சங்கிலி அறுந்திட்டுதா? பத்தர்ட்டக் குடு. மறக்காம ரசீதுத் துண்டு எழுதி வாங்கு" என்றார்.

செவிடன் காதில் சங்கு ஊதின மாதிரி என்பார்கள். எனக்குச் சங்கை வாயில் வைக்கவே வழியில்லை!

இந்த லட்சணத்தில்தான் ஹோம் தியேட்டர். ஹெட்போனை மாட்டி, சத்தத்தை உச்சத்துக்குக் கூட்டினால் அவருக்கு நன்றாகக் கேட்டது. முதல்நாள் படம் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்து எத்தனை வருடம்! எனக்கும் சந்தோசம்தான். ஆனால் ஹெட்போன் வயரைப் பெட்டியில் குத்தினால் ஸ்பீக்கர் ஐந்தும் வாயை மூடிக்கொள்ளும். நானும் குணாவும் ஊமைப் படம் பார்க்கவேண்டும். நாடகத்தில் மாமியார் மருமகளை என்ன சொல்லி ஏசுகிறாள் என்பதுகூடத் தெரியாது. ஏசுகிறாள் என்று மட்டும் தெரியும். இரண்டு கிழமை, பதினாலு நாள், பொறுத்தேன். பிறகு பெட்டியைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மதுரங்குளிக்கு பஸ் ஏறினேன்.

அங்கே றேடியோ, டிவி திருத்துகிற இஸ்ஸதீன் நானா பெட்டியைக் கழற்றிப் பார்த்தார்.

"அக்கா, இது பழுதில்ல. ஹெட்போன் குத்துற ஓட்டைக்குள்ள சின்னத் தகடு ஒண்டு இரிக்கி. குத்தினா அது தள்ளுப்பட்டு ஸ்பீக்கர வெட்டும். கொம்பனிக்காரன் அப்பிடித்தான் செஞ்சிரிக்கான்."

"அவன்ட பொஞ்சாதிக்குச் செவிட்டுப் புருசன் வாய்க்கல்ல போல. நானா, ரெண்டும் ஒண்டாப் பாட வைங்க."

சிரித்துக்கொண்டே ஒரு சின்ன வயரைக் குறுக்கே வைத்து ஈயத்தால் ஒட்டினார். "இப்ப ரெண்டும் பாடும். ஆனா அக்கா, ரிமோட் ஒண்டுதான். அவருக்குக் கூட்டினா ஒங்களுக்கும் கூடும். ஒங்களுக்கென்ன, ஊருக்கே கூடும். பொறகு என்ன ஏசப்படாது."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன். அவருக்குப் போதுமான சத்தம் எங்களுக்கு இடிமுழக்கம். நான் குறைப்பேன், அவர் கூட்டுவார். நான் காதைப் பொத்திக் காட்டுவேன், "நல்லாருக்கு என்ன?" என்று கேட்பார். போதாக்குறைக்கு, பின் ஸ்பீக்கர் இரண்டையும் முதுகுப் பக்கம்தான் வைக்கவேண்டுமென்று மகன் போனில் அடம்பிடித்திருந்தான். முதுகுப் பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு அங்கால் சின்னாச்சியின் வீட்டு வளவு.

புதன்கிழமை பின்னேரம் அவர் ஹெட்போனோடு கதிரையில் இருந்தார். குணா தூசு தட்டும்போது பெட்டியில் குத்தியிருந்த மைக் கை பட்டுக் கீழே விழுந்தது. அவர் சட்டென்று திரும்பி, "ஆர் கதவில தட்டுறது?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புத்தி தட்டியது. மைக்கில் மெல்லப் பேசினாலும் அவருடைய காதுக்குள் போகுமே! மூன்று மாதமாக நாய்படாப் பாடு பட்டிருக்கிறேன், வழி மேசையிலேயே கிடந்திருக்கிறது. டிவியை ஊமையாக்கினேன். சத்தத்தை நன்றாகக் குறைத்தேன், ஸ்பீக்கரில் கொசு இரைகிற அளவுகூட இல்லை. கதவைச் சாத்தினேன். ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றியிருக்கலாமே என்று இப்போது ஆளுக்கு ஆள் புத்தி சொல்கிறார்கள். ஒட்டுப்போட்ட பெட்டியில் கைவைக்க எனக்குப் பயம், அதற்கு என்ன செய்ய?

மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அவருடைய முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது.

"இஞ்சாருங்க. கோவப்படாமக் கேளுங்க."

"கேக்குதில்ல" என்றார்.

கண்ணைத் திறந்திருக்கவேண்டும். திறக்கவில்லை. "நம்மட குணா மூண்டு மாசத்துக்கு முன்னமே சிலாபத்தில கலியாணம் எழுதிட்டா. பண்ணையில வேலை செய்யிற சிவகுருவோட. வெள்ளிக்கிழமை தட்டு வேணாம்."

'சிலாபத்தில' என்ற இடத்திலேயே என் குரல் கோயில் லவுட்ஸ்பீக்கரில் வருகிற மாதிரி எனக்கே திரும்பி வந்தது. நிறுத்தியிருக்கலாம். மூன்று மாதம் அடைத்து வைத்திருந்த வாய், நிற்கவில்லை. கண்ணைத் திறந்தால் அவர் ரிமோட்டை நீட்டிப் பிடித்தபடி, சத்தம் கூட்டுகிற பொத்தானிலிருந்து பெருவிரலை எடுக்காமல் இருக்கிறார். ஐயோ கடவுளே! மைக்கைப் போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? ஒரு வெற்றிலை மடிக்கிற நேரத்தில் சின்னாச்சி உள்ளே நின்றாள். கொண்டை அவிழ்ந்து தொங்கியது.

"என்ன அண்ணை இது? நாங்க சொந்தம் பார்த்து வந்தா, உங்கட மகளுக்கு ஊர் பேர் தெரியாத அகதிப் பொடியனா கேக்குது? என்ட பிள்ளைக்கு என்ன குறை? கை இல்லையா, கால் இல்லையா?"

"மச்சாள், மெல்லக் கதை" என்றேன். யார் கேட்கிறது? அவள் அவருடைய முகத்துக்கு நேரே நின்று கத்தினாள். அவர் அவளுடைய வாயையே பார்த்தார். கேட்கவில்லை. ரிமோட்டைத் தங்கச்சியின் முகத்துக்கு நேரே பிடித்துச் சத்தத்தைக் கூட்டினார். எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. முற்றத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லாம் முடிந்தது, இந்தப் பெண்ணின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

குணா குனிந்து மைக்கை எடுத்தாள். அதை உதட்டோடு ஒட்டிவைத்தாள்.

"அப்பா, நான் அவரைத்தான் கட்டியிருக்கிறன். அவரோடதான் இருப்பன். உங்கட வாயால சரியெண்டு சொல்லுங்க அப்பா."

அவர் டிவியைப் பார்த்தார். அங்கே யாரோ ஒரு பெண் சவர்க்காரம் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆர் இது கதைக்கிறது?"

குணா தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினாள். அவர் அவளையும் மைக்கையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய காது போகும்போது இவளுக்குப் பன்னிரண்டு வயது. "குணாவா? இது குணாட குரலா?" என்றார். "இன்னொருக்காச் சொல்லு பிள்ளை."

அவள் இன்னொருமுறை சொன்னாள். இந்தமுறை அழுதுகொண்டு சொன்னாள். அந்த அழுகையும் ஐந்து ஸ்பீக்கரிலும் வந்தது.

அவர் தங்கச்சியின் பக்கம் திரும்பினார். காது கேளாதவருக்குத் தன் சத்தம் தெரியாது, நடுக்கடலில் அடுத்த படகுக்குக் கூப்பிடுகிற மாதிரித்தான் கதைப்பார். "சின்னாச்சி, வெள்ளிக்கிழமை தட்டுக் கொண்டு வராத. என்ட மகள் கலியாணம் கட்டிட்டா" என்றார். அதை முற்றம் கேட்டது, ஒழுங்கை கேட்டது, கடற்கரையும் கேட்டிருக்கும். சின்னாச்சி என்னை எரிக்கிற மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். இன்றுவரை என்னோடு கதையில்லை.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, ஆனால் அவர்மேல் இல்லை. எட்டு வருடம் இந்த வீட்டில் இரண்டு பேருக்குமாக நான் ஒருத்தியே கத்தியிருக்கிறேன். அவளுடைய குரல் அவருக்குப் போகவேயில்லையே என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

குணா மைக்கை மேசையில் வைக்கப் போனாள். அவர் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "வைக்காத பிள்ளை. கதை" என்றார்.

அவளுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சோறு வடிச்சிட்டன் அப்பா. சூடை மீன் குழம்பு. முருங்கையிலைச் சுண்டல். தேசிக்காய் முடிஞ்சுது, நாளைக்கு வாங்கணும்" என்றாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

எங்கள் வீட்டில் அன்றைக்கு என்ன கறி என்பது ஒழுங்கை முழுக்கக் கேட்டது. ரிமோட்டைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.