குளிக்காமல் வந்த அப்பா

வண்டியிலிருந்து அப்பாவை இறக்கிக் கூடத்தில் கிடத்தியதும் அவள் பாய்ந்தாள். அத்தை குறுக்கே விழுந்து மறித்தாள்.

"கிட்ட போகாதடி. சட்டையெல்லாம் கடலைத் தூள். குளிப்பாட்டி வேற துணி மாத்தட்டும்."

அப்பாவுக்கு வேர்க்கடலை வறுக்கும் ஆலையில் இருபது வருஷ வேலை. காலையில் அடுப்பருகே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. முதல் தடவையாகக் குளிக்காமல் வீட்டுக்குள் வந்திருக்கிறார்.

அவளுக்கு மூன்று வயதில் அவர் ஊட்டிய ஒற்றைக் கடலை. உதடு வீங்கி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். தோலில் ஊசிமுனைச் சோதனை, ரத்தப் பரிசோதனை. கடலை ஒவ்வாமை என்றார்கள். அன்றிலிருந்து கொல்லைப்புறக் குளியலறை, ஆலைச் சட்டைக்கு மூடி போட்ட வாளி, தலைக்கு இரண்டு தடவை சோப்பு. "மாப்பிள்ளையா வந்தப்பகூட இந்த மனுஷன் இப்படித் தேய்ச்சுக் குளிக்கல" என்பாள் அம்மா. அதற்குப் பிறகும் மகளிடம் ஒரு கை தூரம்தான்.

அவருக்குத் தெரிந்தால் விடமாட்டார் என்று, அம்மாவும் அவளும் ஒன்றரை வருஷம் ரகசியமாக டாக்டரிடம் போய்வந்தார்கள். உடம்பைக் கடலைக்குப் பழக்க, கடுகளவு வேர்க்கடலைப் பொடியில் தொடங்கி, டாக்டர் கண்ணெதிரே ஏற்றி ஏற்றி, இப்போது தினம் இரண்டு முழுக் கடலை. ஞாயிற்றுக்கிழமை ஆலை வாசலில் போய் நின்று அப்பா கையால் வாங்கித் தின்பதாகத் திட்டம்.

இன்று வியாழன். இன்றைய இரண்டு இன்னும் உள்ளே போகவில்லை, சேதி முந்திக்கொண்டது.

"விடுங்க அத்தை."

"பைத்தியமா உனக்கு? ஒரே வீட்ல ரெண்டு சாவா?"

"விடுங்க அண்ணி." சுவரோரமாக இருந்த அம்மாவின் முதல் பேச்சு. "அவளுக்கு ஒண்ணும் ஆகாது. டாக்டர் சொல்லிட்டாரு."

அத்தையின் பிடி தளர்ந்தது. "தம்பிக்குத் தெரியுமா?"



அவள் அப்பாவின் மார்பில் முகத்தை வைத்தாள். வறுத்த வாசனை. இத்தனை வருஷம் சோப்பைத்தான் அப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கன்னத்தில் ஏதோ உறுத்தியது. சட்டைப் பையில் கடலை. வேலை முடிந்ததும் பையைக் கவிழ்த்து உதறிவிட்டுத்தான் கிளம்புவார். இன்று உதற ஆளில்லை. இரண்டை எடுத்துத் தோலை உரித்தாள்.

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். திரும்பியபோது ஒரு கையில் பிரெட் துண்டு, மறு கையில் மூச்சு அடைத்தால் போடும் அவசர ஊசி டப்பா.

"வெறும் வயித்துல கூடாது," என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.