பலாலிக்கு ஒரு சாண்

பள்ளிக்கூட அட்லஸில் நேசமலர் நூல் பிடித்து அளந்தாள். இரத்மலானை விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு ஒரு சாண்கூட இல்லை. கடலுக்கு மேலாகச் சுற்றிப் போனாலும் ஒரு மணித்தியாலப் பறப்புத்தான் என்று கணவன் சிவபாலன் சொல்லியிருந்தான்.

"நீ குசினியைக் கூட்டித் துடைக்க முதல் நான் போய் இறங்கிடுவன்."

அவனுடைய தகப்பன் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் கிடந்தார். சண்டையால் தரைப்பாதை பூட்டியிருந்தது. போன வருடம் ஒரு விமானம் மன்னார்க் கடலில் காணாமல் போனதைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. அட்லஸில் அந்த இடம் வெறும் நீலமாக இருந்தது. நூல் அதைத் தொட்டுக்கொண்டுதான் போனது.

யாழ்ப்பாணத்தில் போன் லைன் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் வரிசையில் நிற்பவர்கள் பேச விடமாட்டார்கள். ஆகவே அவன் போய்ச் சேர்ந்ததும் இரண்டு தரம் மணியடிக்கவிட்டு வைத்துவிடுவது என்று பேச்சு. யாரும் எடுக்கக் கூடாது. மூன்றாம் தரமும் அடித்தால் அது வேறு செய்தி. வெள்ளவத்தையில் அவர்களுக்கு அறை கொடுத்திருந்த பாலேஸ்வரி அக்கா, இன்றைக்கு ஒருவரும் இங்கே போன் அடிக்க வேண்டாமென்று தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

காலையில் அவன் வெளிக்கிட்டுப் போனபின், தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரையில் நின்று நேசமலர் பார்த்தாள். தெற்கே இரத்மலானைப் பக்கமிருந்து ஒரு விமானம் எழுந்து, வெயிலில் மினுங்கி, மீன் செதிலளவாகச் சிறுத்து வடக்கே மறைந்தது. அவன்தான் போகிறான்.

மத்தியானம் தாண்டியும் போன் அடிக்கவில்லை.

"உன்ரை நூலில பிளேன் போகும், பிள்ளை. ஆமிக்காரன்ரை செக்கிங் நூலில வருமே? இறக்கி, சாமானைக் கொட்டி, பஸ்ஸில ஏத்தி… நீ வந்து சாப்பிடு."

"பிறகு சாப்பிடுறன், அக்கா."

"நீ சாப்பிடாட்டி பிளேனுக்குப் பெற்றோல் மிச்சமே?"

அக்கா மட்டும்தான் சிரித்தாள். ஆனால் செய்தி நேரத்துக்கு வீடே அதிர ரேடியோ வைக்கிறவள், இன்று அதன் பக்கமே போகவில்லை. அதைக் கவனித்தபோதுதான் நேசமலர் அட்லஸை எடுத்து மூடி வைத்தாள்.

பின்னேரம் போன் அடித்தது. ஒன்று. இரண்டு. இனி நிற்க வேண்டும்.

மூன்று.

"எடு, பிள்ளை."

"நீங்க எடுங்கோ, அக்கா!"

அக்கா அசையவில்லை. மணி நிற்கவில்லை. நேசமலர் பாம்பைத் தூக்குவதுபோல ரிசீவரைத் தூக்கினாள்.

"மலர்? நான்தான். இன்னும் இரத்மலானையிலதான் நிக்கிறன். விடியக்காலமையிலயிருந்து இருத்தி வைச்சிருக்கிறாங்கள், ஏனெண்டு சொல்லுறாங்களில்லை. இப்பதான் ஒரு ஆமிப் பெடியனை 'மல்லி, தம்பி' எண்டு கெஞ்சிப் போன் வாங்கினனான்."

அவள் நிலத்தில் இருந்துவிட்டாள். காலையில் போனது வேறு யாரோ. இவன் காலி வீதியில் பஸ் ஏறினால் வந்துவிடும் தூரத்தில் இருக்கிறான்.

"அப்ப வந்திடுங்கோ. பஸ்ஸைப் பிடிச்சு இப்பவே வாங்கோ."

அந்தப் பக்கம் சிங்களத்தில் யாரோ பெயர்களைக் கூப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா என்னைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாராம், மலர்."

அவள் போன் வயரை விரலில் சுற்றி இறுக்கினாள்.

"கூப்பிடுறாங்கள். இனித்தான் வெளிக்கிடுது. ரெண்டு தரம், சரியோ? எடுத்திடாதை."

லைன் அறுந்தது. அவள் ரிசீவரை நெஞ்சோடு அணைத்தபடியே இருந்தாள்.

"போனை வை, பிள்ளை," என்றாள் அக்கா, மெல்ல. "வைச்சாத்தானே அவன் அடிக்கலாம்."

அவள் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தெற்கே ஒரு விமானத்தின் உறுமல் எழுந்தது. இந்த முறை அவள் கடற்கரைக்குப் போகவில்லை; போனுக்குப் பக்கத்திலேயே இருந்தாள்.