மூச்சு வாங்கும் சங்கு

எடமலைப்பட்டி புதூரில் 1961-ஆம் வருஷம் மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மத்தியானம் இரண்டு தடவை வந்தது. முதல் மத்தியானம் காலை பத்தரை மணிக்கே வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவன் வீரமலை.

அந்த நாளில் புதூரில் கடிகாரம் வைத்திருந்தவர்களை ஒரு கை விரலால் எண்ணிவிட்டு, மிச்ச விரலால் பொடி போடலாம். மற்றவர்களுக்கெல்லாம் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்குதான் கடிகாரம். ஆலையில் ஊதும் சைரனுக்கு எங்கள் பக்கத்தில் சங்கு என்றுதான் பேர். காற்று வாட்டமாக இருந்தால் அந்தச் சத்தம் வயல் தாண்டி, கல் குவாரி தாண்டி ஊருக்குள் வரும். பன்னிரண்டு மணிச் சங்கு கேட்டால் நடவு நடுகிறவள் கரையேறுவாள், கிணற்றில் கமலை இறைக்கிறவன் மாட்டை அவிழ்ப்பான், வாத்தியார் பிள்ளைகளைச் சோற்றுக்கு விடுவார். பசிகூட அந்தச் சங்கைக் கேட்டுத்தான் எடுக்கும்.

வீரமலை பாலக்கரையில் ஒரு லாரி ஷெட்டில் எலெக்ட்ரீஷியன். லாரிக்கு விளக்கு, ஹாரன், பேட்டரி எல்லாம் அவன் கைதான். அவன் வீட்டில் மட்டும் சிம்னி விளக்கு. கரண்டு இன்னும் அந்தத் தெருவுக்கு வரவில்லை. தெரு என்றால் என்ன, ஒரே வரிசையில் எட்டுக் கூரை வீடு.

அந்த எட்டும் புதுக் கூரை. பழையவை இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரை மாதத்தில் ஒரே நாளில் எரிந்து போயின. அன்றைக்கு மொத்த சனமும் வயலிலும் குவாரியிலும் கிடந்தது. வீரமலையின் பெண்சாதி காளியாயி மட்டும் வீட்டில் நெல் குத்திக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டில் பிச்சமுத்துவின் அப்பா ராமர், இரண்டு காலும் விழுந்து கட்டிலோடு கிடந்தார். எந்த அடுப்பிலிருந்து பொறி பறந்ததோ, காற்று அதைப் பிடித்துக்கொண்டது.

காளியாயி முதலில் ஓடியது ராமரிடம்தான். கட்டிலை இழுத்து வாசல்படி வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். படியில் கட்டில் கால் மாட்டிக்கொண்டது. ராமர் கட்டுமஸ்தான உடம்பு. தலைமாட்டில் ஒரு ஆள், கால்மாட்டில் ஒரு ஆள் நின்றால் தூக்கிவிடலாம். ஒரு ஆள்தான் இருந்தாள். வெளியே ஓடிக் கத்தினாள். உள்ளே ஓடி இழுத்தாள். மறுபடி வெளியே ஓடிக் கத்தினாள். குவாரியில் வெடி போடுகிற நேரம், யாருக்குக் கேட்கும்? புகையைப் பார்த்து ஆட்கள் வந்து சேர்ந்தபோது காளியாயியின் புடவைத் தலைப்பு எரிந்திருந்தது. ராமர் வீட்டுக் கூரை உள்ளே விழுந்திருந்தது.

அன்றைக்குப் போனது அவள் குரல். பெரியாஸ்பத்திரி டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, நரம்பு அறுந்த மாதிரி இருக்கிறது, வந்தால் வரும் என்றார். வரவில்லை. பேசினால் காற்றுதான் வரும், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு மட்டும் கேட்கும்.

குரல் போனதைக்கூட வீரமலை பொறுத்துக்கொண்டான். இன்னொன்றைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. காளியாயி கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்க வேண்டும் என்றால்கூட எழுந்து போய் எதிரே நிற்பாள். அவனைச் சாப்பிட அழைக்கவேண்டும் என்றால் வந்து தோளைத் தொடுவாள். கையையாவது தட்டலாம், பாத்திரத்தையாவது தட்டலாம். மாட்டாள். கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். பிச்சமுத்துவோ, வாய்க்கு வாய் அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன், அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேசவே இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இவள் கூப்பிட்டு ஊர் வந்து நின்றால் போதும் என்று வீரமலைக்கு இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஷெட்டுக்குப் பக்கத்தில் சண்டைக் காலத்துப் பழைய தீயணைப்பு வண்டி ஒன்றை உடைத்தார்கள். வருஷா வருஷம் ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் போய் நின்று கும்பலைக் காவல் காத்த வண்டி. இரும்பு இரும்பாகப் பிரித்துப் போட்டதில் அதன் சைரன் மட்டும் முழுசாகக் கிடந்தது. ஒரு பூசணிக்காய் பருமன். பின்னால் மோட்டார், முன்னால் பல் பல்லாக ஓட்டை வைத்த சக்கரம். சக்கரம் சுற்றினால் காற்றை வெட்டி வெட்டி விடும், அதுதான் சத்தம். ஷெட்டின் தலைமை மெக்கானிக் அமிர்தராஜ் சொல்லி அதை வாங்கிக் கொடுத்தார்.

"வீட்டுல வச்சு இத என்னய்யா பண்ணப் போற?"

"கூப்பிடப் போறேங்க."

"யாரை, சம்சாரத்தையா? அதுக்கு இத்தனை பெரிய தொண்டையா?" என்று அமிர்தராஜ் சிரித்தார். வீரமலையும் சிரித்து வைத்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, கையிலிருந்த சாதாரண விளக்கு ஒயரை வைத்துப் பேட்டரியோடு கோத்துப் பார்த்தான். பேட்டரி இரண்டு ஆள் தூக்குகிற லாரி பேட்டரி. அந்த மோட்டாருக்கு அந்த ஒயர் யானைப் பசிக்குச் சோளப்பொரி. சக்கரம் சுற்றாமல் சினை மாடு மாதிரி முனகியது. அதற்குள் ஒயர் சூடேறிப் புகைந்து, ரப்பர் உருகிக் கீழே கிடந்த கூரை ஓலையில் சொட்டியது. தீயணைக்கிற சாமானே தீ வைக்கப் பார்த்தது. காளியாயி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி ஒயர் மேலும் புருஷன் மேலும் பாரபட்சம் இல்லாமல் ஊற்றினாள். லாரிக்கு ஆயிரம் ஒயர் மாற்றியவன், வீட்டில் அவசரப்பட்டுப் பெண்டாட்டி முன்னால் நனைந்து நின்றான்.

மறுவாரம் ஒழுங்காகச் செய்தான். லாரியைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாருக்குப் போகுமே, சுண்டுவிரல் கனத்தில், அந்தக் கேபிளைக் கொண்டுவந்தான். காலால் மிதிக்கிற பழைய செல்ஃப் சுவிட்ச் ஒன்றையும் கொண்டுவந்தான். வீட்டைவிட்டுத் தள்ளி முற்றத்தில் ஒரு பனங்கட்டையை நட்டு, உச்சியில் சைரனை முடுக்கினான். கீழே பலகைப் பெட்டிக்குள் பேட்டரி. தரையில் சுவிட்ச். ஷெட்டுக்கு வெள்ளிக்கிழமை வார லீவு. பத்தரை மணிக்கு, சாமியை நினைத்துக்கொண்டு, ஓங்கி மிதித்தான்.

முதலில் அடித்தொண்டையில் ஒரு உறுமல். அது ஏறியது. ஏறி ஏறி, காது அடைக்கிற உச்சத்துக்குப் போய் அங்கேயே நின்றது. வீரமலைக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரை நிமிஷம் மிதித்தே நின்றான். காலை எடுத்தபிறகும் சக்கரம் தன் வேகத்திலேயே சுற்றி, அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. இப்போது வரும் சனம் என்று காளியாயியும் அவனும் தெருமுனையைப் பார்த்து நின்றார்கள்.

ஒரு காக்காய்கூட வரவில்லை.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை அப்புறம்தான் தெரிந்தது. நடவு நட்டவர்கள் சங்கு ஊதிவிட்டது என்று கரையேறிக் கால் கழுவிக் கஞ்சிக் கலயத்தைத் திறந்துவிட்டார்கள். கமலைக்காரன் மாட்டை அவிழ்த்துவிட்டான். பள்ளிக்கூடம் விட்டாயிற்று. குவாரியில் சம்மட்டியைப் போட்டுவிட்டு எல்லோரும் நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். "இன்னைக்கு என்ன இவ்வளவு சீக்கிரம் பசிக்குது?" என்று ஒருத்தி கேட்டாளாம். அப்புறம் நிஜமான பன்னிரண்டு மணிக்குப் பொன்மலைச் சங்கு ஊத, ஊரே திருதிருவென்று விழித்தது. மூக்கன் என்ற கல் உடைக்கிறவன் மட்டும் குழம்பவில்லை. அவன் உட்கார்ந்து இரண்டாம் தடவையும் சாப்பிட்டான்.

சாயங்காலம் ஆளாளுக்கு வந்து வீரமலையைப் பிடிபிடி என்று பிடித்தார்கள். கடைசியாகப் பிச்சமுத்து வந்தான். படலுக்கு வெளியிலேயே நின்றான்.

"மாமா, மில்லுல ஊதுற சங்கு வேற. வீட்டுல எப்ப சங்கு ஊதுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? எங்கப்பாவுக்கு ஊதுன சங்கு போதாதா இந்தத் தெருவுக்கு? கழட்டிப் போடுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். காளியாயி பக்கம் பார்க்கவில்லை. வீரமலை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பனங்கட்டையில் ஏறப் போனான். மனசு விட்டுப்போயிருந்தது. தோளில் கை பட்டது.

"அது சங்காட்டம் ஊதுதுங்க. அதான் சாப்பிடப் போயிட்டாங்க" என்றாள் காளியாயி, காற்றுக் குரலில்.

"சைரன் அப்படித்தான் ஊதும். வேற எப்படி ஊதும்?"

"சங்கு மூச்சு வாங்காது. ஒரே இழுப்பா இழுக்கும். மனுசி கத்துனா நடுவுல மூச்சு வாங்கித்தானே கத்துவா?" அவள் பனங்கட்டை உச்சியைப் பார்த்தாள். "நான் அன்னைக்கு அப்படித்தான் கத்துனேன்."

அந்த நாளைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. வீரமலை ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

சுவிட்சை மிதித்து மிதித்துக் காலை எடுத்துப் பார்த்தான். ஏறுவதற்கு ஏறியது, இறங்கத்தான் மாட்டேன் என்றது. சக்கரத்தின் வேகம் தணிவதற்குள் அடுத்த மிதி வந்துவிடும், மறுபடி ஒரே இழுப்பு. லாரியாக இருந்தால் என்ன செய்வோம், பிரேக் போடுவோம். சைக்கிள் பிரேக் கட்டை ஒன்றை எடுத்து, சைரனின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருந்த தண்டில் உரசும்படி ஒரு கம்பியில் வைத்துக் கட்டினான். கம்பியிலிருந்து கீழே ஒரு கயிறு. காலால் மிதித்தால் கத்தும். காலை எடுத்துக் கயிற்றை இழுத்தால் மூச்சு வாங்கும்.

வீரமலைக்கு அந்தத் தாளம் கடைசிவரை வரவில்லை. கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போயிற்று. காளியாயி அவனை நகர்த்திவிட்டு நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு மிதித்தாள், இழுத்தாள், மிதித்தாள், இழுத்தாள். பனங்கட்டை உச்சியிலிருந்து ஒரு பொம்பளை வீறிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி வீறிட்டாள். தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார்கள். என்ன, யாருக்கு என்ன என்று கேட்டார்கள். ஒருத்தரும் சாப்பிடப் போகவில்லை.

அதற்கப்புறம் வீரமலை வீடு வீடாகவும், வயலுக்கும் குவாரிக்கும் போய்ச் சொன்னான்: நீட்டி ஊதினால் பொன்மலை, மூச்சு வாங்கினால் புதூர், குடத்தோடு ஓடிவாங்க. குவாரியில் எல்லோரும் தலையாட்டினார்கள். பிச்சமுத்து மட்டும் கல்லை உடைத்துக்கொண்டே இருந்தான்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை. வீரமலை மதுரை ரோட்டுப் புளியமரத்தடியில் சவரத்துக்கு உட்கார்ந்திருந்தான். ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் சோப்பு நுரை. தூரத்தில் ஒரு குரல் வீறிட்டது. நின்றது. மறுபடி வீறிட்டது.

"பன்னெண்டு ஆயிடுச்சா?" என்றான் சவரக்காரன்.

வீரமலை துள்ளி எழுந்தான். கழுத்துத் துண்டோடும் பாதித் தாடியோடும் ஓடினான். ஒரு மைல் தூரம். ஓடும்போது அவன் வேண்டிக்கொண்டது தீ அணைய வேண்டும் என்று இல்லை. வரணும் சாமி, யாராச்சும் வரணும் என்றுதான். வயல் வரப்பில் ஏறியபோது கண்டான். சேற்றுக் காலோடு பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கமலைக்காரன் தண்ணீர் இறைக்கிற சால் வாளியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். குவாரி மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி பூசிய ஆட்கள் சரிந்து இறங்கினார்கள்.

பிடித்தது பிச்சமுத்து வீட்டுக் கூரை. முற்றத்தில் நெல் அவித்த அடுப்பிலிருந்து பொறி ஏறியிருக்கிறது. அவன் பெண்சாதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். முதலில் வந்து சேர்ந்தவன் பிச்சமுத்துவேதான். அடுத்த நிமிஷம் பத்துப் பேர், அதற்கடுத்த நிமிஷம் நாற்பது பேர். தொரட்டியைப் போட்டு எரிகிற பக்கத்தை இழுத்துத் தள்ளினார்கள், மிச்சத்தின் மேல் குடம் குடமாக ஊற்றினார்கள். வீரமலை வந்து சேர்ந்தபோது பாதிக் கூரையும் நிறையப் புகையும் ஈரச் சேறும்தான் இருந்தன. அடுத்த வீட்டு ஓலை ஒன்றுகூடக் கருகவில்லை.

ஆனால் சத்தம் நிற்கவில்லை. காளியாயி பனங்கட்டையைப் பார்த்து நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மிதித்துக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருந்தாள். அந்தச் சத்தத்துக்கு அடியில் நிற்கிறவளுக்கு வேறெதுவும் கேட்காது. முதுகுக்குப் பின்னால் ஊரே நிற்பது அவளுக்குத் தெரியவில்லை. முகமெல்லாம் கண்ணீர். வீரமலை அவளை நோக்கி நடந்தான். அவனுக்கு முன்னால் பிச்சமுத்து போய்விட்டான்.

அவள் கயிற்றை இழுத்த சமயத்தில், அவள் கையோடு சேர்த்து அந்தக் கயிற்றைப் பிடித்து நிறுத்திக்கொண்டான். சங்கு மூச்சு வாங்கி, அப்படியே அடங்கியது. அவள் கால் அடுத்த மிதிக்குத் தூக்கியபடியே நின்றது.

"போதும்க்கா" என்றான். "வந்துட்டோம்."

காளியாயி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கரியும் கல் தூசியும் அப்பிக் கிடந்தன. அவள் திரும்பிப் பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள்.

"எல்லாருமா?" என்று காற்றாகக் கேட்டாள்.

"எல்லாரும்க்கா. மூக்கன்கூடச் சோத்தைப் போட்டுட்டு ஓடியாந்துட்டான்."

காளியாயி தூக்கிய காலைத் தரையில் வைத்தாள்.