சம்மதத்திற்கு முன் பதினொரு தட்டுகள்

மயிலம் கோயிலில் பெண்ணைப் பார்த்தாயிற்று. இரு வீட்டாரும் மலையிறங்கி, கூட்டேரிப்பட்டுச் சாலையோர உணவகத்தினுள் நுழைந்தபோது மணி பன்னிரண்டரை. பசி ஆறு பேருக்கும் பொதுவாக இருந்தது. ஆயினும், சம்மதம் சொல்லப்படும்வரை ஒரு வீட்டாரோடு மற்றொரு வீட்டார் அமர்ந்து கை நனைப்பது வழக்கமன்று. பலகாரம் உண்ணலாம், காபி அருந்தலாம். சோறு மட்டும் கூடாது.

"ஆறு மீல்ஸ் போட்டுடலாங்களா?" என்று நரைத்த மீசையுடைய பரிமாறுபவர் வினவினார்.

"மீல்ஸ் வாணாம்பா. லைட்டா எதனா குடு. போண்டா ஒரு தட்டு, மெதுவடை ஒரு தட்டு," என்றார் அப்பாதுரை. அவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். திண்டிவனத்திலிருந்து வந்த மூவருள் வழக்கங்களின் காவலர்.

இரண்டு தட்டுகளும் வந்த வேகத்தில் காலியாயின. பெண்ணின் தாய் சின்னபொண்ணு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மினி இட்லி சொல்லலாங்களா? அதுவும் பலகாரந்தான?"

அப்பாதுரை சற்று ஆராய்ந்தார். "பலகாரந்தாம்மா. சாம்பார்லதான் மெதக்குது. ஸ்பூன்ல சாப்ட்டா தப்பில்ல."

மினி இட்லியைத் தொடர்ந்து குழிப்பணியாரமும் காலிஃபிளவர் வறுவலும் வந்தன. பிறகு சில்லி பரோட்டாவைப் பற்றி ஐயம் எழுந்தது.

"அது சாப்பாட்டுல சேராதா?" என்றார் பெண்ணின் தந்தை வேங்கடேசன். கோலியனூரில் நெல் பயிரிடுபவர். சோறின்றி ஒரு நண்பகலையும் கழித்தறியாதவர்.

"அது மைதா மாமா. அரிசியே இல்ல," என்றான் மாப்பிள்ளை செல்வகுமார்.

அவன் தாய் அன்புச்செல்வி அவனை முழங்கையால் இடித்தாள். "அதுக்குள்ள மாமாவாடா?"

எல்லோரும் சிரித்தனர். மணப்பெண் இளவரசி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய தட்டில் முதலில் வைத்த போண்டா கடிபடாமலேயே ஆறிக்கொண்டிருந்தது.

அவள் விழுப்புரத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான்கு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறாள். சென்ற ஆண்டு கூடி வந்த ஒரு சம்பந்தம், "வேலைய வுட்டுடணும்" என்ற ஒற்றை நிபந்தனையால் கலைந்துபோயிற்று. செல்வகுமாரை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததனால்தான் அந்தக் கேள்விக்கு அஞ்சினாள். அதனை எவரும் கேட்கவில்லை. தட்டுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

பதினோராவது தட்டும் காலியாகும் தறுவாயில் அவள் நிமிர்ந்து அன்புச்செல்வியை நோக்கினாள்.

"நான் ஒண்ணு சொல்லணுங்க. கல்யாணத்துக்கு அப்பறமும் நான் வேலைக்குப் போவேன். உங்களுக்குச் சரிங்களா?"

சின்னபொண்ணுவின் கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது.

"தெனமும் திண்டிவனத்துலேந்து விழுப்புரமா? பேஜாராச்சேம்மா," என்றார் அப்பாதுரை.

"இருண்ணா," என்று தமையனைத் தடுத்த அன்புச்செல்வி, இளவரசியிடம் கேட்டாள்: "காலைல எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

"ஏழு மணிக்குங்க."

"அப்ப ஒரு சிக்கல் இருக்குதும்மா. எனக்கு மூட்டு வலி. அவ்ளோ காலைல அடுப்பாண்ட நிக்க முடியாது. இவந்தான் சமைப்பான். உப்பு கம்மியா போடுவான். பரவால்லியா?"

செல்வகுமார் தலைகவிழ்ந்தான். "போன வாரம் சரியாத்தான போட்டேன்?"

இளவரசி அப்போதுதான் சிரித்தாள். "நான் போட்டுக்கிறேங்க," என்றாள்.

அன்புச்செல்வி தமையனைப் பார்த்தாள். அவர் ஏப்பம் விட்டுவிட்டுத் தலையசைத்தார். அவள் பரிமாறுபவரை அழைத்தாள்.

"சோறு கொண்டாங்கண்ணே. எங்களுக்குச் சம்மதம்."

"ஆறு மீல்ஸுங்களா?"

எல்லோரும் மேசையிலிருந்த பதினொரு வெற்றுத் தட்டுகளைப் பார்த்தனர். வேங்கடேசன் தம் வயிற்றை மெல்லத் தடவிக்கொண்டார். உண்ண இசைவு கிடைத்தது, இடந்தான் இல்லை.

"ஒரே ஒரு தயிர்சாதம். அஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு வாய் எடுத்துக்கிறோம்," என்றார் அப்பாதுரை. கரண்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, முறைப்படி கை கழுவ எழுந்தார்.

"அஞ்சா? நாம ஆறு பேராச்சே," என்றார் வேங்கடேசன். அப்பாதுரை இளவரசியின் தட்டில் கடிபடாமல் கிடந்த போண்டாவைக் கண்ணால் காட்டினார்.

இளவரசி ஆறிய போண்டாவை ஒரே வாயில் முடித்துவிட்டுக் கையை உயர்த்தினாள். "எனக்கு ஃபுல் மீல்ஸுங்க."

"அப்பளம் ரெண்டா வைங்க," என்றாள் அன்புச்செல்வி.